கடைசி நேரத்தில் பிரசன்டேஷன் தயாரிக்க நேர்ந்ததா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வைகைக்கரை

மாலை ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வுக்கூட்டம், எங்கள் பகுதிக் கண்மாய்ப் பணிகளை நான்தான் விளக்க வேண்டும். ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்து மறுபடி தொடங்கிய 2017-ஆம் ஆண்டு அது. அப்போதைய ஓட்டம் அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து 34 ஸ்லைடுகள் தயாரித்தேன். கரையின் நீளம், தூர் எடுத்த கன மீட்டர், ஆயக்கட்டு (கண்மாய் நீர் பாயும் நிலம்) பரப்பு, செலவு என்று கையில் இருந்த எல்லாவற்றையும் தட்டச்சு செய்து பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அரங்கத்துக் கணினியில் கோப்பைத் திறந்தார்கள். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நின்றன. பாமினி எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை.

என்னை இன்றும் உறுத்துவது அதுவல்ல. தலைமை வகித்தவர் நல்ல மனிதர். "பரவாயில்லை, வாயால் சொல்லுங்கள்" என்றார். எனக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. எட்டு மணி நேரம் உழைத்திருந்தேன், ஆனால் கேட்க வருபவர்களுக்கு எது தேவை என்று எட்டு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஆயக்கட்டுக்காரர் ஒருவர், பெரியவர், எழுந்தார். "எங்கள் கண்மாயில் இரண்டாம் மடை எப்போது சரியாகும்? அதை மட்டும் சொல்லுங்கள் தம்பி" என்றார். 34 ஸ்லைடுகளில் எதிலும் அதற்கு விடை இல்லை.

அவர் கோபப்பட்டிருந்தால் மறந்திருப்பேன். "தம்பி" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றார்.

கணினித்தமிழ் ஆசிரியர்

வைகைக்கரை நண்பரே, வீணாக உங்களையே நொந்துகொள்கிறீர்கள். குற்றம் எழுத்துருவின் மேல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியின் இடம்தான். எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். உங்கள் திரையில் அத்தனை அரைப்புள்ளிகள் தெரிந்தது அதனால்தான். தமிழக அரசு ஒருங்குறியை (யுனிகோடை) ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்தும் பாமினியில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததுதான் வருத்தம்.

எனக்கும் ஒரு கருத்தரங்கில் இப்படி நேர்ந்தது. கையில் அச்சுப்படி இருந்ததால் தப்பித்தேன்.

அவசரத்தில் தயாரிப்பவர்கள் இவற்றையாவது செய்யுங்கள். ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள். முடித்ததும் பிடிஎஃப் ஆகவும் ஒரு படி சேமியுங்கள், அதில் எழுத்துருவும் சேர்ந்தே போகும். பவர்பாயிண்ட்டிலேயே எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கும் வசதி, சேமிப்பு அமைப்புகளில் இருக்கிறது. ஸ்லைடு ஒவ்வொன்றிற்கும் எண் இடுங்கள். காட்சி ஓடும்போது எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அந்த ஸ்லைடுக்குப் போய்விடலாம், கேள்வி கேட்டவர் முன்னால் இருபது ஸ்லைடுகளைப் பின்னுக்குத் தள்ளிக் காட்ட வேண்டியதில்லை. முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும், எல்லோர் பார்வையும் உங்கள் மேல் திரும்பும். புரொஜெக்டரின் கம்பி பழைய விஜிஏ வகையா, எச்டிஎம்ஐ வகையா என்று முந்தின நாளே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இந்த ஒரு போனைச் செய்யாமல் வந்து அரங்கில் கம்பி தேடி அலைந்தவர்களை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

இரவுப்பணி

ஆசிரியர் ஐயா, பெரியவரின் கேள்விக்கு ஒருங்குறியில் விடை இருந்திருக்குமா? எழுத்துரு சரியாகத் தெரிந்திருந்தாலும் இரண்டாம் மடை அந்த 34-இல் இல்லையே.

நான் செவிலி. இரவுப்பணி முடித்துக் கிளம்பும் நேரம், எட்டேகால். வகுப்பெடுக்க வேண்டியவர் வரவில்லை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தொற்றுத் தடுப்பு பற்றி ஒன்பது மணிக்கு நீங்கள் பேசுங்கள் என்றார்கள். கணினி திறக்கவே நேரமில்லை. கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களை உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது என்பது நம் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். எங்கள் வார்டில் எல்லோரும் தவறவிடுவது ஐந்தாவதை: நோயாளியைத் தொடாமல் அவரைச் சுற்றியிருக்கும் பொருள்களை மட்டும் தொட்ட பிறகு கழுவுவது. இன்றைக்கு இந்த ஒன்று போதும் என்று முடிவு செய்தேன். சாமி படத்தருகே இருந்த குங்குமத்தை எடுத்துக்கொண்டேன்.

உள்ளங்கையில் தடவிக்கொண்டு வழக்கம்போல் வேலை செய்து காட்டினேன். கட்டில் கம்பி, மருந்துத் தட்டு, கேஸ் ஷீட், கதவின் கைப்பிடி. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் தாமதமாகக் கதவைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். அவளும் குனிந்து பார்த்தாள். விரல்களெல்லாம் சிவப்பு. யாரும் சொல்லாமலேயே எழுந்து குழாயடிக்குப் போனாள். என் பதினாறு ஆண்டுப் பணியில் அவ்வளவு அமைதியான வகுப்பை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் மேற்பார்வையாளர் கோப்பைக் கேட்டார், பதிவேட்டில் சேர்க்க. கோப்பு இல்லை என்றேன். "அப்படியென்றால் வகுப்பு நடந்ததற்குச் சான்று இல்லையே" என்றார். இது நடந்து மூன்று வருடமாகிறது, இன்னும் ஆறவில்லை.

ஆய்வு மாணவன்

சகோதரி, படிக்கும்போது எனக்கே கையைக் கழுவத் தோன்றியது. ஆனால் குங்குமம் கண்ணால் காட்டக்கூடிய செய்திக்குத்தான் பொருந்தும். எண்களை எதில் தடவிக் காட்டுவது? எண்ணை எங்கே வைக்கிறோம் என்பதில் உயிரே போயிருக்கிறது.

2003 பிப்ரவரி 1-இல் கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேருடன் கொலம்பியா விண்ணோடம் சிதறியது. புறப்படும்போது பெயர்ந்த நுரைத்துண்டு இறக்கையில் மோதியிருந்தது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து மேலாளர்களுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். சோதனைகளில் பயன்பட்ட நுரைத்துண்டின் அளவு 3 கன அங்குலம். மோதியதாகக் கணிக்கப்பட்டது 1,920 கன அங்குலம். 640 மடங்கு! பழைய சோதனைகளை நம்பி முடிவெடுக்க முடியாது என்று அந்த ஓர் ஒப்பீடே சொல்லிவிடும். அது ஒரு ஸ்லைடின் அடியில் சிறிய எழுத்தில் கிடந்தது, தலைப்போ நம்பிக்கையூட்டும் தொனியில் இருந்தது. விபத்தை ஆராய்ந்த குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடை எடுத்துக்காட்டி, தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளையே நம்பும் பழக்கத்தைக் கண்டித்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே நானும் அதைச் செய்தேன். தர்மபுரிப் பகுதிக் கிணற்று நீரில் ஃபுளோரைடு பற்றியது என் ஆய்வு. ஆய்வுக்குழுக் கூட்டத்தை ஒரு வாரம் முன்னால் நகர்த்திவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஓர் இரவு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பைத் தாண்டிய கிணறுகளை வரைபடத்தில் சிவப்பாகக் காட்டி, "நீர் மாதிரிகள் அனைத்தும் மழைக்குப் பின் எடுக்கப்பட்டவை" என்பதைப் பதினோராம் ஸ்லைடின் கடைசி வரியாக்கினேன். கோடையில் அந்த அளவு மாறக்கூடும் என்பதால் என் ஆய்வின் பெரிய பலவீனமே அதுதான். மறைக்க நினைக்கவில்லை, இடம் அங்கேதான் இருந்தது. வெளியிலிருந்து வந்த பேராசிரியை எழுந்து திரைக்கு மிக அருகில் போய் அந்த வரியை உரக்க வாசித்தார். விரலை அதன் கீழே வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "இது ஏன் தலைப்பில் இல்லை?" என்று கேட்டார். அவருடைய விரல் நிழல் திரையில் விழுந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பருத்தித்துறை மகள்

2022 மார்ச், எங்கள் இலங்கையில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன காலம். அளிக்கைக்கு முதல்நாள் வீட்டில் மடிக்கணினியைத் திறந்தபோது மின்கலத்தில் ஒன்பது வீதம்தான் இருந்தது. இருபத்திரண்டு ஸ்லைடுகளையும் பார்க்க வழியில்லை. எதைக் கரும்பலகையில் கையால் வரைய முடியாதோ அதை மட்டும் கொப்பியில் பார்த்து எழுதிக்கொள்வோம் என்று நினைத்தேன். மூன்றே மூன்று தேறின. மற்றப் பத்தொன்பதும் நான் வாயால் சொல்லக்கூடியவை. அப்படியானால் அவற்றை ஏன் செய்தேன் என்று, திரை அணைந்த பிறகும் இருட்டில் கனநேரம் இருந்தேன். அடுத்த நாள் சுண்ணக்கட்டியோடு பன்னிரண்டு நிமிடம் பேசினேன். நன்றாகவே போனது. ஆனால் நினைவில் நிற்பது அந்த இருட்டுத்தான்.

கணினித்தமிழ் ஆசிரியர்

இரவுப்பணி சகோதரியின் கேள்வி நியாயமானது. மடைக்கு என்னிடம் விடை இல்லை. ஆனாலும் பாமினியை விட்டுவிடுங்கள், வைகைக்கரை.

வைகைக்கரை

விட்டுவிட்டேன் ஐயா.

மடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்த மறுநாள் அந்தக் கண்மாய்க்குப் போனேன். இரண்டாம் மடையின் அடைப்புப் பலகை உளுத்து, பாதி தண்ணீருக்குள் கிடந்தது. மதிப்பீட்டில் அது சேர்க்கப்படவே இல்லை. துணை மதிப்பீடு போட்டுச் சரிசெய்ய ஏழு மாதம் ஆனது. இப்போதெல்லாம் கூட்டம் என்று தகவல் வந்தால், கணினிக்கு முன்னால் உட்காருவதற்குள் அந்த ஊரிலிருந்து இரண்டு பேருக்காவது போன் செய்து, நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். அதற்கு அரைமணி நேரம் போகிறது. ஸ்லைடு பத்தைத் தாண்டுவதில்லை.

சகோதரி, அந்த மேற்பார்வையாளருக்குக் கடைசியில் ஏதாவது கோப்பு கொடுத்தீர்களா?

இரவுப்பணி

இல்லை. வகுப்பு நடக்கவில்லை என்றுதான் பதிவேட்டில் இருக்கிறது. கைப்பிடியையும் கட்டில் கம்பியையும் நானே ஈரத்துணியால் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். தாமதமாக வந்தாளே, அவள் இப்போது எங்கள் வார்டில்தான் இருக்கிறாள். கேஸ் ஷீட்டை வைத்துவிட்டு அவள் குழாயடிக்குப் போவதை தினமும் பார்க்கிறேன்.