‘ஜேன் அயர்’ இன்னும் ஏன் ஓடுகிறது?

நூலகவாசி:
ஷார்லட் பிரான்டேயின் ‘ஜேன் அயர்’ நாவல் 1847-ல் வந்தது. இன்றும் அதைக் காதல் காவியம் என்கிறார்கள். எனக்குப் பிடிபடவில்லை. உயிரோடு இருக்கும் மனைவியை மூன்றாம் மாடியில் பூட்டிவைத்துவிட்டு, குழந்தைக்குப் பாடம் சொல்ல வந்த 18 வயது ஜேனைக் கல்யாணத்துக்காகச் சர்ச் வரை கூட்டிப்போகிறவர் ரோசெஸ்டர். இவர் என்ன நாயகன்?

தேன்மொழி:
ரோசெஸ்டருக்காக யார் படிக்கிறார்கள் சார்? ஜேனுக்காகத்தான். குட்டு உடைந்ததும் அவர் கெஞ்சுகிறார். தென் பிரான்சில் வீடு இருக்கிறது, போய்விடலாம் என்கிறார். அவளுக்கும் ஆசை தீரவில்லை. இருந்தும் விடியுமுன் கிளம்பிவிடுகிறாள். கையிலிருந்த 20 ஷில்லிங்கும் கோச் வண்டிக்கே போய்விடுகிறது. அப்புறம், பன்றிக்குக் கொட்டவிருந்த கஞ்சியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். தன் சம்பளத்தையே சொல்கிற கதாநாயகி வேறு! முன்பு வேலை பார்த்த லோவுட் பள்ளியில் வாங்கியதைப்போல இரண்டு மடங்கு, வருஷத்துக்கு 30 பவுண்டு.

நூலகவாசி:
பசி சரி. அவள் போய் விழும் வாசல் சொந்த அத்தை பிள்ளைகளின் வீடாக இருக்கிறதே, அது? கூடவே 20,000 பவுண்டு சொத்து. எங்கோ இருக்கும் ரோசெஸ்டரின் குரல் காற்றில் கேட்கிறது. டிவி சீரியலில் வந்தால் கிழித்துவிட மாட்டோமா?

கரிசல்காரன்:
அந்தச் சொத்து எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. விட்டுப்போனவர் மதீரா தீவில் வியாபாரம் செய்தவர். ஜமைக்காவின் மேசன் குடும்பத்தோடு வணிகத் தொடர்பு உள்ளவர். ரோசெஸ்டருக்கு 30,000 பவுண்டு சீதனம் கொடுத்ததும் அதே குடும்பம்தான். அந்தச் சீதனத்தோடு வந்து, பூட்டிவைக்கப்பட்ட மனைவி பெர்த்தா நாவல் முழுக்கத் தன் கதையைச் சொல்லவே இல்லை. கரீபியன் தீவான டொமினிக்காவில் பிறந்த எழுத்தாளர் ஜீன் ரீஸ் 1966-ல் அவளுக்காகத் தனி நாவலே எழுதவேண்டி வந்தது.

தேன்மொழி:
119 வருஷம் கழித்தும் ஒருவரை உட்கார்ந்து பதில் எழுத வைக்கிறதே!

நூலகவாசி:
ரீஸுக்குப் போட வேண்டிய மார்க்கை பிரான்டேவுக்குப் போடாதீர்கள்.

தேன்மொழி:
சரி, விடுங்கள். சொத்தைத் தனக்கும் அத்தை பிள்ளைகள் மூவருக்குமாக நாலு பேருக்கும் சமமாகப் பிரித்து, தன் பங்கு 5,000 பவுண்டோடு, யார் தயவும் தேவையில்லாதவளாகத்தான் ரோசெஸ்டரிடம் திரும்புகிறாள்.

நூலகவாசி:
கல்யாணம் ஆனதும் அந்தப் பணம் சட்டப்படி கணவனுக்குத்தானே? இங்கிலாந்தில் 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தான் அதை மாற்றின. கல்யாணத்துக்கு முன்பே பணத்தை அவளுக்கென்று டிரஸ்ட் எழுதிவைத்திருந்தால் வேறு விஷயம்.

தேன்மொழி:
பங்கு பிரிக்கவே வக்கீல் வைத்துப் பத்திரம் போட்டவள், தன் பணத்துக்கு எழுதாமலா இருந்திருப்பாள்?

நூலகவாசி:
அது உங்கள் ஊகம். நாவலில் இல்லை.