பெரியவளவுப் படலையும் கிணறும்: பூசுவதற்கு முன் ஒரு சொல்

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

நம் பெரியவளவின் கூரையிட்ட வாசலான சங்கடப் படலையையும், துலாவால் நீர் இறைக்கும் துலாக்கிணற்றையும் திருத்தத் தேவையான பணம் சேர்ந்துவிட்டதாகப் பொருளாளர் எழுதியிருந்தார். மகிழ்ச்சி. ஆனால் கூடவே வந்த வேலைத்திட்டத்தைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. சுவர் முழுவதும் சீமெந்துப் பூச்சு, அதன்மேல் எனாமல் பெயின்ற், கிணற்றுக்குக் கொங்கிறீட் மூடி, முகப்பில் நன்கொடையாளர் பெயர் வெட்டிய பளிங்குக்கல். இதற்குத் திருத்தம் என்றா பெயர்?

அந்தப் படலை செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு மாரியில் ஈரத்தைக் குடிக்கும், பங்குனி வெயிலில் விட்டுவிடும். மேலே சீமெந்தை அப்பினால் நிலத்திலிருந்து ஏறும் ஈரம் உள்ளேயே அடைபடும். நம் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து செங்கல்லைப் பொடியாக்கும். இரண்டு மாரிக்கு எல்லாம் அழகாகத்தான் இருக்கும். பிறகு பூச்சு பாளம் பாளமாகக் கழலும், பழைய கல்லையும் இழுத்துக்கொண்டு. என் தாய்வீட்டு மதில் அப்படித்தான் போனது. பூசச் சொன்னவன் நானே.

திருகோணமலைக் கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்குப் போகாதவர் நம்மில் யார்? 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கல் ஒன்று அந்த வாசலில் இருக்கிறது. இரட்டைக் கயல் மீனும், குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்ற பாட்டின் சிதைந்த எழுத்துகளும் அதில் உண்டு. வாசலை அழகாக்குகிறேன் என்று எவராவது ஒரு கரண்டி சீமெந்து இழுத்திருந்தால் அந்த எழுத்தும் போயிருக்கும். நம் படலையின் உட்சுவரில் நெல் மூட்டைக் கணக்குக்கு அம்மப்பா ஆணியால் கீறிய கோடுகள் இருக்கின்றன. ஐந்து ஐந்தாகக் கட்டியிருப்பார். வழிப்போக்கர் ஒதுங்க இருபுறமும் திண்ணை, தாகத்துக்குத் தண்ணீர்ப் பானை வைக்க ஒரு மாடம். பளிங்குக்கல்லை அந்த மாடத்தில்தான் பதிக்கப் போகிறார்களாம்! பெயர்களைச் சங்கப் பதிவேட்டில் எழுதினால் போதாதா? பளிங்குக்கல்லுக்கான பட்டியலிலிருந்து என் பெயரை முதலில் நீக்கிவிடுங்கள்.

கிணறு வேறு கதை. இறைத்த கிணறுதான் ஊறும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் சனங்கள் இன்றும் அள்ளிக் குளிக்கிறார்கள், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கும் அங்கே போவது வழக்கம். நம் கிணற்றைக் கொங்கிறீட் போட்டு மூடினால் அது வெறும் குழி. பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. திறந்து மூடக்கூடிய கம்பி வலை போதும். தூர் வாரி, துலாவைத் தாங்கும் ஆடுகாலை நிறுத்தி, துலாவை ஏற்றிவிட்டால் பக்கத்து வளவுக்காரர்களே அள்ளுவார்கள்.

வேலையைத் தை பிறந்த பிறகு தொடங்குங்கள். மாரிக்குள் பூசிய சுண்ணாம்பு இறுகாது. சுண்ணாம்பு நீற்றிப் பூசத் தெரிந்த மேசன் எவரையாவது, மூதூர்ப் பக்கமோ நிலாவெளிப் பக்கமோ, உங்களுக்குத் தெரிந்தால் செயலாளருக்கு எழுதுங்கள். கூலி கூடினால் அந்த மிச்சம் என் பொறுப்பு.