ஓடாமலே நிறுத்தப்பட்ட கர்னல் த்ரெட்: நினைவகத்தை யார் விடுவிப்பது?

லினக்ஸ் டிரைவர் எழுதுபவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். கர்னல் த்ரெட் (கர்னலுக்குள்ளேயே தனியாக ஓடும் வேலை) கேட்டு அழைக்கும் கேத்ரெட்_கிரியேட், தானே த்ரெட்டை உருவாக்குவதில்லை, கோரிக்கையைப் பட்டியலில் போட்டு, பிஐடி (ப்ராசஸ் எண்) 2-ஆக இருக்கும் கேத்ரெட்டி என்ற கர்னல் த்ரெட்டை எழுப்பி, அது உருவாக்கித் தரும்வரை காத்திருக்கிறது; அழைத்த ப்ராசஸின் சூழல் எதுவும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இந்தச் சுற்றுவழி, அதுவரை புரிகிறது. பிறந்த த்ரெட்டும் வேக்_அப்_ப்ராசஸ் அழைக்கும்வரை தூங்கும், சரி. ஆனால் எழுப்பும் முன்பே த்ரெட்டை நிறுத்தும் கேத்ரெட்_ஸ்டாப் அழைத்தால், த்ரெட்டில் ஓட வேண்டிய என் ஃபங்ஷன் ஓடவே இல்லை, -4 (EINTR என்ற பிழை எண்) மட்டும் திரும்பி வருகிறது. தரவுக்கு ஒதுக்கிய நினைவகத்தை அந்த ஃபங்ஷனின் கடைசி வரியில் விடுவிப்பதால் அது அப்படியே கசிகிறது. நிறுத்துகிற பக்கமே எப்போதும் கேஃப்ரீ (நினைவகத்தை விடுவிக்கும் அழைப்பு) செய்வதுதான் வழக்கமா, இல்லை -4 வந்தால் மட்டும் செய்யலாமா? ஃபங்ஷனே -4 திருப்பினால் இரண்டு முறை விடுவித்துத் தொலைக்குமே! கர்னல் 6.1, தனி மாட்யூல்.