மறு: ஹீட் டெத்துக்கு "வெப்ப மரணம்" சரியா வருமா?

> ஏற்கனவே பல பேர் "வெப்ப மரணம்"னு எழுதிட்டாங்க. புழக்கத்துல இருக்கறத எதுக்கு இப்ப நோண்டணும்?

அண்ணே, புழக்கத்துல இருக்கறதுதான் தலைவலியே. ஹீட் டெத்ங்கறது அண்டம் முழுக்க சூடு சமமாகி இனி எதுவும் நடக்க வழியில்லாம போற நிலைமை, அதுக்குத்தான் நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு தமிழ் தேடறோம். தம்பி எழுதின "மனுஷ இனம் எத்தன காலம் தாங்கும்" கட்டுரையப் படிச்சிட்டு ஒருத்தர் கேட்டிருக்கார் பாருங்க, "சூரியன் பெருசாகி பூமிய எரிச்சிடும்ல, அதத்தான வெப்ப மரணம்ங்கறீங்க?"ன்னு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. மே மாசம் பேப்பர்ல வெயில் தாங்காம சுருண்டு விழுந்தவங்க கணக்கு போடுவாங்கள்ல, அந்த செய்திக்கு வைக்கிற தலைப்பு மாதிரிதான் இருக்கு. ஆனா இங்க நடக்கறது அதுக்கு நேர் எதிர், எரிய எதுவுமே மிச்சமில்லாத நிலைமை அது.

சூரியன் கதை வேற. அது 100 கோடி வருஷத்துக்கு சுமார் 10 சதவீதம் கூடுதலா பிரகாசமாயிட்டே வருது, அந்த கணக்குல இன்னும் ஒரு 100 கோடி வருஷத்துல கடல் தாங்காது, 500 கோடி வருஷத்துல சூரியனே சிவப்பு ராட்சசனா ஊதிடும். அதெல்லாம் லோக்கல் பிரச்சினைங்க, மூட்டைய கட்டிக்கிட்டு வேற ஊர் பாக்கலாம், சிவப்பு குள்ள நட்சத்திரங்க பல லட்சம் கோடி வருஷம் சிக்கனமா எரியும். ஹீட் டெத்துக்கு அந்த மாதிரி வேற ஊரே கிடையாது. ரெண்டையும் ஒரே சொல்லால சுட்டினா கட்டுரையோட கேள்வியே காணாம போயிடுது.

> அப்ப "அண்ட ஒடுக்கம்" போடுங்க. நல்ல தமிழ், சைவ சித்தாந்தத்துலயே இருக்கு.

ஐயா, கேக்க அழகாத்தான் இருக்கு, ஆனா அங்கேயே ரெண்டு சிக்கல். ஒண்ணு, ஒடுக்கம்னா சுருங்கறது. அண்டம் திரும்ப சுருங்கி நொறுங்கும்னு ஒரு தனி கொள்கை இருக்கு, பிக் கிரஞ்ச்னு சொல்றாங்களே, ஒடுக்கத்த அதுக்குத்தான் எடுத்து வைக்கணும். ரெண்டு, சித்தாந்தத்துல ஒடுங்கினது திரும்ப தோணும். ஊழியும் அப்படித்தான், ஒரு ஊழி போனா அடுத்த ஊழி. நம்ம மரபுல இருக்கற சொல் எல்லாத்துலயும் திரும்பி வர்ற வழி உள்ளயே ஒளிஞ்சிருக்கு. 1852-ல கெல்வின், 1854-ல ஹெல்ம்ஹோல்ட்ஸ்னு ரெண்டு இயற்பியலாளர்கள் ஹீட் டெத் பத்தி சொன்னதுல திரும்பி வர்ற வழி கிடையாது, அதனாலதான் அந்த காலத்து ஆளுங்க அத கேட்டு அவ்வளவு கலங்கிப் போனாங்க.

சரி, விஷயம் என்ன? வெப்பம் சூடான இடத்துலேருந்து குளிர்ந்த இடத்துக்கு போகும், போற வழியில நாம அதுகிட்ட வேலை வாங்கிக்கறோம். செடி வளர்றது, எஞ்சின் ஓடறது, நான் இந்த மெயில் டைப் பண்றது எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்த நம்பித்தான். அணையோட ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துக்கு வந்துட்டா எவ்வளவு தண்ணி இருந்தும் டர்பைன் சுத்தாதுல்ல, அந்த மாதிரி எனர்ஜி எங்கயும் போயிருக்காது, எல்லா இடமும் ஒரே சூடா ஆயிருக்கும், அவ்வளவுதான். அதனால சொல்லுல வரவேண்டியது வெப்பமும் இல்ல மரணமும் இல்ல, "சமன்".

இன்னொண்ணு. இதுக்கு தேதி கிடையாது, அதனால "முடிவு"ங்கற சொல்லும் எனக்கு உறுத்துது. நட்சத்திரமெல்லாம் அணைஞ்ச பிறகும் கருந்துளை இருக்கும். சூரியன் எடை உள்ள ஒரு கருந்துளையோட சூடு 1 கெல்வின்ல (சூட்ட அளக்கற அலகு) 10 கோடியில 6 பங்குதான், இப்ப சுத்தியிருக்கற வெளியோட சூடு 2.7 கெல்வின் இருக்கறதால கருந்துளை வெப்பத்த வாங்கிக்கிட்டுதான் இருக்கு. வெளி அதுக்கும் கீழ குளிர்ந்த பிறகுதான் அது குடுக்க ஆரம்பிக்கும், குடுத்து தீர 10-இன் 67-ஆம் அடுக்கு வருஷம் ஆகும், ரொம்ப பெரிய கருந்துளைங்களுக்கு 10-இன் 100-ஆம் அடுக்கு வரைக்கும் இழுக்கும். அதுவரைக்கும் எங்கயாச்சும் ஒரு மூலையில கொஞ்சம் வித்தியாசம் மிச்சமிருக்கும், அத ஒட்டிக்கிட்டு யாராச்சும் பிழைச்சிருக்கலாம்.

இங்கதான் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் வர்றார். 1979-ல அவர் போட்ட கணக்கு இது: அண்டம் குளிர குளிர உயிரும் தன் சூட்ட குறைச்சிக்கிட்டு மெதுவா யோசிக்கட்டும், கழிவு வெப்பத்த வெளியேத்தறதும் மந்தமாயிடறதால நடுவுல நீளமா தூங்கட்டும், தூங்கி எழுந்து தூங்கி எழுந்து ஓட்டினா கையிருப்பு எனர்ஜி அளவோட இருந்தாலும் யோசனைக்கு முடிவே இருக்காது. எனக்கு இது ரொம்ப பிடிச்ச கணக்கு, ஓட்டலே இல்லாத ஊர்ல கட்டுச்சோறு மட்டும் எடுத்துட்டு போற துணிச்சல் அதுல இருக்கு. ஆனா 1998-ல சூப்பர்நோவாக்கள (வெடிச்சு சிதறற நட்சத்திரங்கள) அளந்த ரெண்டு குழு அண்டம் வேகம் கூட்டிக்கிட்டே விரியுதுன்னு சொன்னதும் இந்த கணக்குக்கு அடி விழுந்துடுச்சு. அப்படி விரியற அண்டத்துல ஒரு எல்லை உண்டு, அதுக்கு அப்பாலேருந்து எதுவும் நம்மகிட்ட வந்து சேராது, அந்த எல்லைக்கும் ஒரு சூடு உண்டு, கெல்வின்ல எழுதினா புள்ளிக்கு அப்புறம் சுமார் 29 சைபர் போட்ட பிறகுதான் எண்ணே வரும், ஆனா சைபர் இல்ல! அதுக்கு கீழ உயிரும் குளிர முடியாது, கழிவு வெப்பத்த கொட்ட இடம் இருக்காது. க்ராஸ், ஸ்டார்க்மன்னு ரெண்டு இயற்பியலாளர்கள் இத வச்சுத்தான் டைசன மறுத்தாங்க. அதுக்கப்புறமும் கதை முடியல, அண்டம் விரியறத அளக்கற டெஸி கருவி 2024-லயும் 2025-லயும் குடுத்த அளவுகள், விரியற வேகத்த கூட்டற கரும் ஆற்றல் காலப்போக்குல மாறுதோன்னு ஒரு சந்தேகத்த கிளப்பியிருக்கு. அது நிஜமா நின்னுச்சுன்னா டைசன் கணக்குக்கு திரும்ப உயிர் வரலாம்.

அதனால "மரணம்"னு நாமளே தீர்ப்பு எழுதிடக் கூடாது. என் பரிந்துரை: சமனடங்கல். அண்டம் சமனடங்கும், சமனடங்கிய அண்டம்னு வினையாவும் பெயரெச்சமாவும் வளைஞ்சு குடுக்கும். ஆட்டம் அடங்கறதுன்னு பேச்சுல இருக்கறதால புதுசாவும் தெரியாது.

---

> என் பரிந்துரை: சமனடங்கல்

தம்பி, எல்லாம் சரி, "அடங்கல்" பாத்ததும் எனக்கு விஏஓ ஆபீஸ்தான் ஞாபகம் வருது. பயிர்க்கடன் வாங்க போனா முதல்ல கேக்கறதே சிட்டா அடங்கல்தான். இந்த பெரிய அண்டத்துக்கு சர்வே நம்பர் வேற போட்டு குடுத்துடுவாங்க போல. அப்புறம், "வெப்பச்சமநிலை" ஏற்கனவே பாடப்புத்தகத்துல இருக்கே, "அண்ட வெப்பச்சமநிலை"ன்னா பிளஸ் ஒன் பையனுக்கும் உடனே புரியுமே?

---

அண்ணே சிட்டா அடங்கல் எனக்கு தோணவே இல்ல, தஞ்சாவூர் பக்கத்துல இந்த சொல்ல வச்சா சிரிச்சே கொன்னுடுவாங்க. "சமனடக்கம்"னு மாத்திக்கலாம். அடக்கம்னா பணிவுன்னும் புதைக்கறதுன்னும் பொருள் வரும்தான், ஆனா முன்னாடி "சமன்" நிக்கறதால அந்த பக்கம் யாரும் போக மாட்டாங்க, போனாலும் பெரிய சேதமில்ல.

வெப்பச்சமநிலைய நான் ஒத்துக்க மாட்டேன். டம்ளர்ல ஆறிப்போன காப்பிக்கும் அதே சொல்லுதான், ஆறின காப்பிய திரும்ப சுட வைக்க அடுப்பு இருக்கு. இதுக்கு அடுப்பே இருக்காதுங்கற வித்தியாசம் சொல்லுல தெரியணும், அதுக்குத்தான் அடக்கம் வேணும். விளக்கம் எழுதும்போது வேணா "அண்டம் முழுசும் வெப்பச்சமநிலைய நெருங்கி, வேலை வாங்க எந்த வித்தியாசமும் மிஞ்சாத நிலை"ன்னு போட்டுடலாம். "நெருங்கி"ய மட்டும் யாரும் வெட்டிடாதீங்க.

கட்டுரை எழுதின தம்பி, மூணாவது பத்தியில சூரியனையும் இதையும் ஒரே வரியில போட்டிருக்க, முதல்ல அத பிரிச்சு எழுது. வேற யாருக்கும் மறுப்பு இருந்தா இந்த வாரத்துக்குள்ள சொல்லுங்க, இல்லன்னா சமனடக்கத்த பட்டியல்ல ஏத்திடறேன். அடுத்து பிக் ரிப்புக்கு (அண்டம் விரிஞ்சு விரிஞ்சு எல்லாமே கிழிஞ்சு போகும்ங்கற கொள்கைக்கு) சொல் வேணும், "பெருங்கிழிசல்"ல எனக்கு வேட்டிதான் தெரியுது.