டிராப் ஆனதை மேலே சொல்லாத கியூ

ரூட்டர் கைவிட்ட பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) கணக்கான டிராப் எண் ஏறினாலே, அவை காத்திருக்கும் வரிசையான கியூவைப் பெரிதாக்கச் சொல்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

மண்டபத்தில் ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்தின் லினக்ஸ் ரூட்டரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். விசைப்படகுகள் கரை சேர்ந்ததும் நண்டு, கணவாய்ப் படங்கள் வெளியூர் வியாபாரிகளுக்குக் கொத்துக்கொத்தாகப் போகும். விலை பேசும் அழைப்புகளும் அப்போதுதான் ஓடும். மேலே லைனின் வேகத்தைக் கிளாஸ்களுக்கு, அதாவது போக்குவரத்துப் பிரிவுகளுக்கு, பங்கிடும் ஷெட்யூலரான எச்டிபி; ஒவ்வொரு கிளாஸுக்குக் கீழும் கோடெல் முறையில் இயங்கும் எஃப்கியூ-கோடெல் என்ற கியூ. நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் தந்த கோடெல், வரிசையின் நீளத்தைப் பார்க்காது. பாக்கெட் காத்திருந்த நேரத்தைப் பார்க்கும். அந்த நேரம் 100 மில்லிசெகண்டு முழுக்க 5 மில்லிசெகண்டுக்குக் கீழே வரவே இல்லை என்றால் டிராப். அனுப்பும் பக்கம் வேகத்தைக் குறைக்கும், அழைப்பு தெளிவாகக் கேட்கும். இந்த டிராப் நல்லது.

கீழக்கரையில் நண்பர் ஒருவரின் ரூட்டரில் பார்த்தது வேறு. அங்கே யாரோ தனியாக எழுதிய கியூ மாட்யூல். ஏப்ரல் 15-க்குப் பிறகு, மீன்பிடித் தடைக்காலம். இரவில் லைன் வெறுமை. ஆனாலும் லினக்ஸில் கியூக்களைப் பார்க்கும் 'டிசி' கட்டளை காட்டிய கணக்கில் கீழ் கியூவின் பேக்லாக் (காத்திருக்கும் பாக்கெட்) 0, மேலே எச்டிபியில் 7 பாக்கெட்!

காரணம் இதுதான். புதிதாக வந்த பாக்கெட்டையே மறுத்தால், திரும்பும் குறியீட்டிலேயே மேல்மட்டத்துக்குத் தெரிந்துவிடும். ஏற்கெனவே எண்ணி உள்ளே வைத்ததை வெளியே எடுக்கும்போது டிராப் செய்தால், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏலக்கூடத்தில் கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கணக்குப்பிள்ளையிடம் சொல்லாமல் போனால் என்ன ஆகும்? அதுதான். லினக்ஸின் மையமான கெர்னலில் இதற்கான வழி 'கியூடிஸ்க்_ட்ரீ_ரிட்யூஸ்_பேக்லாக்' என்ற செயற்கூறு. அந்த மாட்யூல் அதைக் கூப்பிடவே இல்லை. சேர்த்ததும் எண்கள் ஒத்துப்போயின.

எண் தவறுவதோடு இது நிற்பதில்லை. காலியான கிளாஸ் மேலே உள்ள பட்டியலில் தங்கிவிட்டு, பிறகு அதை நீக்கினால், விடுவித்த நினைவகத்தைக் கெர்னல் தொடும். பாதுகாப்புக் குறைபாடாகவே இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. கோடெல் நிரலிலேயே, கியூ காலியாக இருக்கும்போது மேல்மட்டத்துக்கு டிராப்பைத் தெரிவித்தால் எச்டிபி கவிழும், அடுத்த சுற்றுக்குத் தள்ளு என்ற குறிப்பு பல வருடம் இருந்தது. 2025-ல் தான், கியூ காலியாகிவிட்டது என்ற செய்தி இரண்டாவது முறை வந்தாலும் தாங்கும்படி மேல்மட்டத்தைத் திருத்தி, அந்தத் தடையை எடுத்தார்கள்.

லைனை நன்றாக நிரப்பி, அப்புறம் அடங்க விட்டு எல்லா மட்டத்திலும் பேக்லாக் பாருங்கள். எங்காவது 0 இல்லை என்றால், மேலே என்ன ஷெட்யூலர், கீழே என்ன கியூ என்று இங்கே எழுதுங்கள். எச்டிபி போன்ற இன்னொரு ஷெட்யூலரான எச்எஃப்எஸ்சி வைத்திருப்பவர்கள் அவசியம் எழுதுங்கள்.