எலாஸ்டிக்சர்ச் டம்ப் கோப்பைக் காப்பு நகல் எனலாமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஒரு நூலகத்தின் நூற்பட்டியலைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். பட்டியல் முழுவதும் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியின் 7.10 பதிப்பில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் எலாஸ்டிக்டம்ப் என்ற கட்டளை வரிக் கருவியை ஓட்டி, வரிக்கு ஒரு பதிவாக ஜேசன் என்ற உரை வடிவக் கோப்பில் (இதுவே டம்ப்) எழுதி, அதைச் சுருக்கி வேறொரு வட்டில் சேர்த்து வந்தோம். சென்ற வாரம் முதன்முறையாக அந்தக் கோப்பைப் புதிய சேவையகத்தில் ஏற்றிப் பார்த்தோம். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. பதிவுகளின் எண்ணிக்கையும் பொருந்தியது. ஆனால் 'கொற்கை' என்று தேடியபோது, பழைய சேவையகத்தில் கிடைக்கும் நூல்களில் ஒரு பகுதி மட்டுமே புதியதில் கிடைத்தது.

இரண்டு நாள் தேடிய பிறகு காரணம் பிடிபட்டது. ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய குறியீட்டிலிருந்து மாற்றிய எங்கள் பதிவுகளில் இரண்டாவது முறையும் கலந்திருக்கிறது. பழைய இன்டெக்ஸில் (தேடுவதற்காகப் பதிவுகளைத் தொகுத்து வைத்திருக்கும் இடம்) ஐசியு என்ற ஒருங்குறிச் செருகுநிரலின் நார்மலைசர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதால் எவரும் அதை உணரவில்லை. எலாஸ்டிக்டம்பில் வகை எதையும் குறிப்பிடாவிட்டால் அது டேட்டாவை மட்டும் எடுக்கும். உரையைத் தேடலுக்கு ஏற்றபடி பிரிக்கும் அனலைசரும், புலங்களின் வகையைச் சொல்லும் மேப்பிங்கும் வாரா. புதிய சேவையகம் தானாக ஒரு மேப்பிங்கை ஊகித்துக்கொண்டு, நார்மலைசர் இல்லாமலே அத்தனையையும் இன்டெக்ஸ் செய்துவிட்டது.

ஆகவே என் கருத்து இது: டம்ப் கோப்பைக் காப்பு நகல் என்று அழைப்பதை நாம் நிறுத்த வேண்டும். எலாஸ்டிக்சர்ச் தானே எடுக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றே காப்பு நகல்.

குழாய்வழி எழுதியது:

உங்கள் இரண்டு நாள் உழைப்புக்கு வருந்துகிறேன். ஆனால் முடிவோடு உடன்பட முடியவில்லை. நீங்கள் காட்டியிருப்பது கருவியை முழுமையாகப் பயன்படுத்தாததன் விளைவு. எலாஸ்டிக்டம்பைத் தொடர்ந்து மூன்று முறை ஓட்ட வேண்டும் என்று அதன் விளக்கக் குறிப்பிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது: முதலில் அனலைசர், அடுத்து மேப்பிங், கடைசியில் டேட்டா. அந்த வரிசையில் ஏற்றியிருந்தால், ஐசியு செருகுநிரல் இல்லாத புதிய சேவையகம் முதல் படியிலேயே பிழை காட்டி நின்றிருக்கும். சிக்கல் இரண்டு நாள் கழித்து அல்ல, இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

உரைக் கோப்புக்கு நான் வாதாடுவது வேறு காரணத்துக்காக. அதை எந்த மொழியிலும் எந்தக் கருவியாலும் படிக்கலாம். நேற்று தவறுதலாக அழித்த ஒரே ஒரு பதிவு வேண்டுமென்றால், கிரெப் என்ற தேடும் கட்டளையைப் போட்டு அந்த வரியை எடுத்து, ஜேசனைக் கையாளும் ஜேக்யூ வழியாக வடிவம் மாற்றி, கோரிக்கை அனுப்பும் கர்ல் கொண்டு, பல பதிவுகளை ஒருசேர ஏற்கும் பல்க் முகவரிக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. ஸ்னாப்ஷாட்டில் இதைச் செய்ய முழு இன்டெக்ஸையும் வேறு பெயரில் மீட்டெடுத்து, அதிலிருந்து பதிவை எடுத்துச் சேர்த்து, பிறகு அந்தத் தற்காலிக இன்டெக்ஸை அழிக்க வேண்டும்.

இன்னொன்று. ஸ்னாப்ஷாட் என்பது எலாஸ்டிக்சர்ச்சின் அடியில் இயங்கும் லூசீன் என்ற தேடல் நிரலின் செக்மெண்ட் கோப்புகளை (இன்டெக்ஸின் துண்டுகள்) அப்படியே நகலெடுப்பது. அந்தக் கோப்புகளைப் படிக்க அதற்கேற்ற பதிப்பு வேண்டும். எலாஸ்டிக்சர்ச் 6-இல் உருவான இன்டெக்ஸின் ஸ்னாப்ஷாட்டை 8-இல் வழக்கம்போல மீட்க முடியாது. புதிய பதிப்பில் எடுத்ததைப் பழையதில் ஒருபோதும் மீட்க முடியாது. பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய நூற்பட்டியலுக்கு இது சிறிய குறை அல்ல.

நள்ளிரவுப்பணி எழுதியது:

நான் பல ஆண்டுகளாக இரவு நேரத்தில் சேவையகங்களை மீட்டெடுக்கும் பணியில் இருப்பவன். ஏட்டுச்சுவடியின் பக்கம் நிற்கிறேன். 'முழுமையாகப் பயன்படுத்தியிருந்தால்' என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. காப்பு நகல் என்பது அதை எடுத்தவர் எதையேனும் மறந்திருந்தாலும் மீட்பவரைக் கைவிடாததாக இருக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது செட்டிங், மேப்பிங், அனலைசர், மாற்றுப்பெயர் எல்லாம் கேளாமலே உடன் வருகின்றன. முதல் முறை முழுவதும் நகலாகும். அடுத்தடுத்த முறைகளில் புதிதாக உண்டான செக்மெண்ட்டுகள் மட்டுமே நகலாகும். டம்ப் ஒவ்வோர் இரவும் முதல் பதிவிலிருந்து தொடங்குகிறது. அதிலும் எலாஸ்டிக்டம்ப் இயல்பாக ஒரு தடவைக்கு 100 பதிவுகளையே கேட்கிறது. அந்த அளவை உயர்த்தாமல் இலட்சக்கணக்கான பதிவுகளை இழுப்பவர்கள் கருவி மெதுவானது என்று குறை சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குழாய்வழி பல்க் முகவரியைப் பற்றி எளிதாகச் சொல்லிவிட்டார். அனுப்பிய ஆயிரம் பதிவுகளில் நாற்பது நிராகரிக்கப்பட்டாலும் அந்த முகவரி 200 என்ற வெற்றிக் குறியீட்டையே திருப்பும். பதிலின் உள்ளே 'எர்ரர்ஸ்' என்ற புலம் உண்மை என்று இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு பதிவின் நிலையையும் தனியே படித்தால்தான் எது விழுந்தது என்று தெரியும். கர்ல் கொண்டு கைப்பட எழுதிய ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலானவை இதைப் பார்ப்பதில்லை. கோப்பின் கடைசி வரிக்குப் பின் ஒரு புதுவரிக் குறி இல்லாவிட்டால் கோரிக்கை முழுவதும் மறுக்கப்படும். அதாவது உரக்கக் கூவும் பிழையும் உண்டு, வாய் திறக்காத பிழையும் உண்டு. அஞ்ச வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

மேலும், டம்ப் என்பது சோர்ஸ் என்ற மூலப் புலத்தில் இருப்பதை மட்டுமே தரும். இடம் மிச்சம் பிடிப்பதற்காக அந்தப் புலத்தைச் சேமிக்க வேண்டாம் என்று அமைத்த இன்டெக்ஸ்களும் இருக்கின்றன. அவற்றிலிருந்து எந்தக் கட்டளை வரிக் கருவியாலும் மூலப் பதிவை வெளியெடுக்க இயலாது. ஸ்னாப்ஷாட் அவற்றையும் நகலெடுக்கும்.

குழாய்வழி எழுதியது:

பல்க் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். நான் அதைச் சொல்லாமல் விட்டது பிழை. ஆனால் ஸ்னாப்ஷாட் எல்லாவற்றையும் கேளாமலே கொண்டுவரும் என்பதில் ஒரு விலக்கு உண்டு: செருகுநிரல்கள் அதில் வாரா. புதிய கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சேவையகத் தொகுதி) ஐசியு நிறுவப்படாமல் இருந்தால் அந்த இன்டெக்ஸ் அங்கே எழுந்து நிற்காது. எந்த வழியில் சென்றாலும், நிறுவிய செருகுநிரல்களின் பெயரையும் பதிப்பையும் யாரோ ஒருவர் எழுதி வைத்தே ஆக வேண்டும்.

இப்போது ஏட்டுச்சுவடியின் பதிப்பு எண்ணைக் கவனியுங்கள். 7.10 என்பது ஒரு வழிப்பிரிவு. 2021-இல் எலாஸ்டிக் நிறுவனம் 7.11 முதல் அப்பாச்சி என்ற திறமூல உரிமத்தைக் கைவிட்டது. அமேசான் 7.10.2-இன் மூல நிரலிலிருந்து ஓப்பன்சர்ச் என்ற தனித் தேடுபொறியைப் பிரித்து, அதே ஆண்டு ஜூலையில் 1.0 பதிப்பை வெளியிட்டது. 7.10-இல் எடுத்த ஸ்னாப்ஷாட்டை ஓப்பன்சர்ச் 1 ஏற்கும். ஆனால் அதற்குப் பிந்தைய எலாஸ்டிக்சர்ச் பதிப்புகளின் ஸ்னாப்ஷாட்டுகளுக்கு அந்தக் கதவு திறக்காது. நாளை உங்கள் நூலகம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக முடிவெடுத்தால், துணைக்கு வருவது உரைக் கோப்புதான். எலாஸ்டிக்கின் சொந்த நிரல் நூலகங்கள்கூட 7.14 முதல் எதிரே இருப்பது தங்கள் தயாரிப்புதானா என்று சோதித்து, இல்லாவிட்டால் இணைய மறுக்கின்றன. வெறும் எச்டிடிபி கோரிக்கைகளால் பேசும் கருவிகளுக்கு அந்தத் தடை இல்லை.

மெய்லிசர்ச் என்ற தேடுபொறியை உருவாக்கியவர்கள் இந்த வேறுபாட்டைக் கருவியிலேயே பொறித்துவிட்டார்கள்: அதே பதிப்பில் விரைவாக மீட்க ஸ்னாப்ஷாட், பதிப்பு மாறும்போது டம்ப். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை வரி விருப்பங்கள் உள்ளன. எலாஸ்டிக்சர்ச்சுடன் சேர்ந்து வரும் டம்ப் வசதி இல்லாததால்தான் வெளியாட்கள் எலாஸ்டிக்டம்பை எழுத வேண்டியதாயிற்று.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இருவர் சொன்னதையும் வைத்து நேற்று இரவு மீண்டும் சோதித்தேன். அனலைசர், மேப்பிங், டேட்டா என்ற வரிசையில் ஏற்றினேன். குழாய்வழி சொன்னபடியே செருகுநிரல் இல்லாததால் முதல் படி நின்றது. நிறுவிய பிறகு மூன்றும் முடிந்தன. 'கொற்கை' முழுமையாகக் கிடைத்தது. இதோடு நிறுத்தியிருந்தால் என் முதல் பதிவைத் திரும்பப் பெற்றிருப்பேன்.

நல்ல வேளையாக, சில பதிவுகளைப் பழைய சேவையகத்திலிருந்தும் புதியதிலிருந்தும் கர்ல் கொண்டு நேரடியாக எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தேன். எங்கள் பட்டியலில் ஒவ்வொரு படிக்கும் 18 இலக்கச் சேர்க்கை எண் உண்டு. அது 'லாங்' என்ற முழு எண் வகைப் புலம். புதிய சேவையகத்தில் அந்த எண்கள் மாறியிருந்தன. 123456789012345678 என்ற எண்ணைக் கொடுத்தால் 123456789012345680 என்று திரும்பி வருவதைப் போன்ற மாற்றம். எலாஸ்டிக்டம்ப், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ் மீது ஓடுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் எண் வகை 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். பேரெண்களைக் காக்க ஒரு விருப்பம் அந்தக் கருவியில் இருக்கிறது என்பதை இப்போது அறிகிறேன். ஆனால் அது இயல்பாக அணைந்திருக்கிறது.

என்னை உண்மையிலேயே வருத்துவது இதுதான்: மூன்று ஆண்டுக் கோப்புகள் அனைத்திலும் அந்த எண்கள் கெட்டிருக்கின்றன. மூலச் சேவையகம் இன்னும் உயிரோடு இருப்பதால் தப்பித்தோம். அது எரிந்துபோயிருந்தால், எந்த நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைப் படிப்படியாக நடந்து எண்ணித்தான் மீட்டிருக்க வேண்டும். கருவியைச் சரியாகப் பயன்படுத்தாதது என் பிழை என்று ஒப்புக்கொண்டாலும், இப்படிப் பிழை செய்ய இத்தனை இடம் தரும் ஒன்றை ஒரே காப்பாக நம்ப என்னால் இனி முடியாது.

நள்ளிரவுப்பணி எழுதியது:

எண்ணிக்கையை ஒப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் அனைவரும் ஏட்டுச்சுவடியின் பதிவைப் படிக்க வேண்டும். அந்த எண்ணிக்கையிலும் எச்சரிக்கை தேவை: இன்டெக்ஸ் பட்டியலில் காட்டும் ஆவண எண்ணிக்கை உள்ளமைந்த நெஸ்டெட் ஆவணங்களையும் சேர்த்துச் சொல்கிறது, எண்ணிக்கையை மட்டும் தரும் கவுண்ட் முகவரி அவற்றைச் சேர்ப்பதில்லை. ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் இதையும் எடுத்து ஒப்பிட்டால் இல்லாத இழப்பைத் தேடி இரவு கழியும்.

எண் புலத்தின் கூட்டுத்தொகையை இரு பக்கமும் ஒப்பிடலாமே என்று தோன்றும். அதுவும் உதவாது. கூட்டுத்தொகை தரும் சம் அக்ரிகேஷன் 'டபுள்' என்ற தசம எண் வகைக் கணக்கிலேயே கூட்டுவதால், எந்தத் துல்லியத்தைச் சோதிக்க வேண்டுமோ அதையே அது இழந்துவிடுகிறது. குழாய்வழி பரிந்துரைத்த ஜேக்யூவும் 1.7 பதிப்புக்கு முன்பு இதே வகையில் பெரிய எண்களை மாற்றிவிடும். ஆகவே கிரெப்பில் எடுத்த ஒரே ஒரு வரியைச் சேர்க்கும்போதுகூட இந்தத் தவறு நேரலாம். பதிவின் அடையாள எண்ணை வைத்து இரு பக்கமும் மூல உரையையே எடுத்து, எண்ணாக மாற்றாமல், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதே வழி.

குழாய்வழி எழுதியது:

ஜேக்யூ பற்றிச் சொன்னது சரி. என் சேவையகங்கள் சிலவற்றில் இன்னும் 1.6 இருக்கிறது, இன்றே மாற்றுகிறேன்.

இரவுதோறும் எடுப்பது ஸ்னாப்ஷாட்டாக இருக்கட்டும் என்பதை இப்போது ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உரைக் கோப்பை முற்றிலும் கைவிடுவதை இன்னும் எதிர்க்கிறேன். ஏட்டுச்சுவடி எண்கள் கெட்டதைக் கண்டுபிடித்தது எப்படி என்று பாருங்கள்: இரண்டு உரைகளை அருகருகே வைத்துப் படித்ததால். ஸ்னாப்ஷாட் கோப்புறையைத் திறந்து எவரும் எதையும் அப்படிப் படிக்க முடியாது. மீட்டெடுத்த பிறகே அதில் என்ன இருந்தது என்று தெரியும். மாதம் ஒரு முறையாவது பேரெண் விருப்பத்தோடு, அனலைசரும் மேப்பிங்கும் சேர்த்து, செருகுநிரல் பட்டியலையும் ஒரு கோப்பாக உடன் வைத்து, டம்ப் எடுத்து வையுங்கள் என்பது என் வேண்டுகோள்.

நள்ளிரவுப்பணி எழுதியது:

எடுத்து வைக்கட்டும், அதற்குத் தடை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோப்புறைக்கு 'காப்பு' என்று பெயரிடாமல் 'ஏற்றுமதி' என்று பெயரிடுங்கள். பெயரை நம்பித்தான் இரவு இரண்டு மணிக்கு ஒருவர் அதைத் திறக்கப்போகிறார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டேன். ஸ்னாப்ஷாட் களஞ்சியத்துக்கான பாதையை அமைப்புக் கோப்பில் சேர்த்து முதல் நகலும் எடுத்தாயிற்று. நாளை அதைத் தனிச் சேவையகத்தில் மீட்டு, சேர்க்கை எண்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகு விளைவை இங்கே எழுதுகிறேன். பழைய மூன்று ஆண்டுக் கோப்புகளை அழிக்கவில்லை: எண்கள் கெட்டிருந்தாலும் நூற்பெயர்களும் ஆசிரியர் குறிப்புகளும் அவற்றில் பிசகாமல் இருக்கின்றன, இடையில் யார் எதைத் திருத்தினார்கள் என்ற வரலாறு வேறெங்கும் இல்லை.