பொருள்: தீவு வழக்குகளில் வரும் சொல்லுக்குத் தமிழ் (திங்களுக்குள் வேண்டும்)

அன்பர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான அமெரிக்க வரலாற்று நூலில் 1898 முதல் 1917 வரையான அத்தியாயம் என் பங்கு. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்பெயினோடு போர், பாரிஸ் உடன்படிக்கை, பிலிப்பைன்சுக்காகக் கொடுத்த 2 கோடி டாலர் எல்லாம் முடிந்துவிட்டது. 'அன்இன்கார்ப்பரேட்டட் டெரிட்டரி' என்ற இடத்தில் வண்டி நிற்கிறது.

சூழல் இதுதான். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க் துறைமுகத்துக்கு வந்த ஆரஞ்சுக்கு 659 டாலர் 35 சென்ட் சுங்கம் வாங்கினார்கள். தீவுதான் அமெரிக்காவுடையது ஆகிவிட்டதே, உள்நாட்டுச் சரக்குக்கு ஏது சுங்கம் என்று வணிகர் வழக்குப் போட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் டவுன்ஸ் எதிர் பிட்வெல், 'தீவு வழக்குகள்' என்பவற்றில் ஒன்று, 1901 மே. 5க்கு 4 என்று தோற்றார். நீதிபதி எட்வர்ட் ஒயிட் தன் தனிக் கருத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்: தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதி அல்ல, அதனால் அரசியல் சட்டம் முழுதாக அங்கே செல்லாது. அந்த நிலைக்குத்தான் இந்தப் பெயர். 1922க்குள் நீதிமன்றம் முழுவதும் அந்தக் கருத்துக்கு வந்துவிட்டது.

'இணைக்கப்படாத பகுதி' என்று போடலாம்தான். ஆனால் இரண்டு பத்திக்கு முன்னால் அமெரிக்கா தீவை 'இணைத்துக்கொண்டது' என்று வருகிறது. இணைத்துக்கொண்ட இணைக்கப்படாத பகுதியை எந்த மாணவரிடம் விளக்குவது?

செ.

---

செ., காலனி என்று எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள். அமெரிக்கத் தேர்தலில் வாக்கு கிடையாது, சுங்கம் மட்டும் வாங்கினார்கள், ஆளுநரை வாஷிங்டனிலிருந்து அனுப்பினார்கள். அதற்கு வேறு என்ன பெயர்? ஏகாதிபத்தியத்துக்கு வக்கீல் வேலை பார்க்க நாம் எதற்குச் சொல் அடிக்க வேண்டும்?

ரா.

---

ரா. ஐயா, அத்தியாயமே அதைப் பற்றியதுதான். காலனி என்று சொல்லாமல் காலனி வைத்துக்கொள்ளத்தான் இந்தச் சொல்லையே உருவாக்கினார்கள். நான் காலனி என்று போட்டால் அந்தத் தந்திரம் மாணவருக்குத் தெரியாமல் போய்விடும். இன்னொன்று, ஹவாய். 1893இல் அரசி லிலியுவோகலானியைக் கவிழ்த்து, 1898இல் எடுத்துக்கொண்டு, 1900இல் சட்டம் போட்டு அதை 'இன்கார்ப்பரேட்டட்' ஆக்கினார்கள். 1959இல் மாநிலமும் ஆயிற்று. போர்ட்டோ ரிக்கோவுக்கு அது நடக்கவில்லை. இரண்டையும் காலனி என்றால் வேறுபாடு எங்கே நிற்கும்?

செ.

---

தம்பி செ.வுக்கு,

முதலில் 'ஏகாதிபத்தியம்' என்று ரா. எழுதியதைக் கண்டிக்கிறேன். ஏகம் என்பதும் ஆதிபத்தியம் என்பதும் வடசொற்கள். வல்லாதிக்கம் என்று அழகான சொல் இருக்கிறது.

இனிக் கேட்ட சொல். உறுப்பாகாப் புலம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், எனவே வல்லினம் மிகும், பகரமெய்யை விட்டுவிடாதீர்கள். சுருக்கம், செறிவு, பொருள் மூன்றும் உண்டு. கூடவே, 'தீவு வழக்குகள்' என்று தயங்காமல் எழுதுங்கள். தீவு வடமொழி த்வீபத்திலிருந்து வந்தது என்பதே மொழியறிஞர் முடிவு; எனக்கோ மனம் ஒப்பவில்லை. தீர்தல் என்றால் விட்டு நீங்குதல். பெருநிலத்தைத் தீர்ந்து நிற்பது தீர்வு, அது இடையில் ரகரம் கெட்டுத் தீவு ஆகியிருக்கும் என்பது என் ஊகம், சான்று இல்லை. இரு பக்கமும் நீர் என்று வடமொழியில் விளக்கம் சொல்கிறார்களே, தீவுக்கு நாற்புறமும் அல்லவா நீர்? எண்ணிக்கையே தவறு. இதுபற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.

கோ.

---

நாளை எழுத வேண்டாம் ஐயா, திங்கட்கிழமைக்குப் பிறகு எழுதுங்கள்.

எங்கள் பக்கத்துச் சட்டத் தமிழில் டெரிட்டரிக்கு ஆள்புலம் என்றுதான் வழக்கம். தனிப் புலம் என்றால் பல்கலைக்கழகத் துறை மாதிரி இருக்கிறது. இன்கார்ப்பரேட்டட் என்பதற்குக் கூட்டிணைக்கப்பட்ட என்று எழுதுவோம். ஆகவே 'கூட்டிணைக்கப்படாத ஆள்புலம்'. புதிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை, இருப்பதை எடுத்தால் போதும்.

சி. (யாழ்ப்பாணம்)

---

சி. அண்ணா, ஆள்புலம் சரி, இங்கே யூனியன் பிரதேசத்தோடு குழம்பாது. ஆனால் கூட்டிணைப்பு கம்பெனிப் பதிவுக்கு உரிய சொல் இல்லையா? போர்ட்டோ ரிக்கோ பதிவு செய்யாத கம்பெனி என்று என் வகுப்பில் நாலு பேராவது எழுதுவார்கள்.

கோ. ஐயாவிடம் ஒரு கேள்வி. உறுப்பாகா என்பதன் பக்கத்தில் ஆள்புலத்தை வைத்துப் புணர்த்தினால் உடம்படுமெய் வந்து 'உறுப்பாகாவாள்புலம்' ஆகாதா? நடுவில் வாள் வந்து நிற்கிறது. பொருத்தமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும்...

ஒயிட் இன்னொன்றும் எழுதினார்: அந்தத் தீவு உள்நாட்டு நோக்கில் அயல்நாடு என்று. படித்ததும் எனக்கு அகப்புறம்தான் நினைவுக்கு வந்தது. 'அகப்புற ஆள்புலம்' என்றால் என்ன?

மா.

---

மா. அம்மையாருக்கு என் வணக்கம்! அகப்புறம்! அகத்திலும் முழுதாகச் சேராமல் புறத்திலும் சேராமல் நிற்கும் கைக்கிளையையும் பெருந்திணையையும் அப்படித்தானே வகுத்தார்கள். கைக்கிளை ஒருதலைக் காமம், பெருந்திணை பொருந்தாக் காமம். பிலிப்பைன்ஸ் தலைவர் அகினால்டோ 1898 ஜூன் 12இல் விடுதலை அறிவித்த பின்னும், பிலிப்பைன்சைக் கேளாமலேயே ஸ்பெயினிடம் விலை பேசி வாங்கியது எந்தத் திணை என்று ஆராய்ந்தால் ஒரு கட்டுரையே எழுதலாம். பெருந்திணை என்பது என் துணிபு. வாள் பற்றிய கேள்விக்கு: விட்டிசைத்து எழுதிக்கொள்ளலாம்.

கோ.

---

கோ. ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். 1899 பிப்ரவரியில் மனிலாவில் தொடங்கியது பிலிப்பைன்சுக்கும் அமெரிக்காவுக்கும் போர். ஆயிரக்கணக்கில் செத்தார்கள், ஊர் ஊராகக் கொளுத்தினார்கள், ஊர்மக்களை முகாம்களில் அடைத்தார்கள். அதைக் காமத் திணையில் வைத்துப் பேசுவது எனக்கு உவப்பாக இல்லை. அகப்புறம் என்றால் இலக்கணம் படித்தவர்கள் ரசிப்பார்கள், பொருளாதார வகுப்புப் பையனுக்கு ஒன்றும் புரியாது. நான் இன்னும் காலனி கட்சிதான்.

ரா.

---

அனைவருக்கும் நன்றி. நேரம் இல்லை, முடிக்கிறேன்.

1898இல் நடந்ததற்குத் 'தன்வசமாக்கியது' என்று மாற்றிவிட்டேன். இணைப்பு என்ற சொல்லே இரண்டு பக்கமும் வராது. கேட்ட சொல்லுக்கு 'உறுப்பாக்கப்படாத ஆள்புலம்'. கோ. ஐயாவின் வேர், சி. அண்ணாவின் ஆள்புலம். மா. அம்மாவும் சி. அண்ணாவும் தனிமடலில் சரி என்றுவிட்டார்கள், 'அலுத்துவிட்டது, போடு' என்ற தொனியில்தான்.

உறுப்பாகா என்பதை ஏன் விட்டேன் என்றால், அது தானாகவே ஆகாமல் போன மாதிரி ஒலிக்கிறது. உறுப்பாக்குவது அமெரிக்கக் காங்கிரசின் கையில் இருக்கிறது, அது ஆக்கவில்லை. 1917இல் போர்ட்டோ ரிக்கோ மக்களுக்குக் குடியுரிமை கொடுத்தும் ஆக்கவில்லை. இன்றைக்கு உறுப்பாக்கப்பட்ட ஆள்புலம் என்று மிஞ்சியிருப்பது பால்மைரா பவளத்தீவு ஒன்றுதான், அதில் நிலையாக வாழும் மக்களே இல்லை. ஆள் இல்லாத இடத்துக்கு முழு அரசியல் சட்டமும் செல்லும், ஆள் இருக்கும் இடத்துக்குப் பாதிதான்! 'படாத' என்று செயப்பாட்டில் வைத்தால்தான் செய்யாதவர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரியும்.

செ.

---

தம்பி, 'ஆகா' என்பதற்குத் தகுதியற்ற, ஒவ்வாத என்ற பொருளும் உண்டு என்பதை மறந்துவிட்டீர்கள். ஆகாதவன் என்கிறோமே. அதே தீர்ப்பில் நீதிபதி பிரவுன் என்ன எழுதினார்? அங்கே வாழ்பவர்கள் மதத்திலும் வழக்கத்திலும் சிந்திக்கும் முறையிலும் நம்மிலிருந்து வேறுபட்ட அயல் இனத்தார், ஆங்கிலோ சாக்சன் நெறிப்படி ஆள்வது கொஞ்ச காலத்துக்கு இயலாமல் போகலாம் என்றார். அவர்கள் ஆகாதவர்கள் என்பதுதான் வழக்கின் அடிப்படை. அதை 'ஆகா' ஓரெழுத்தும் கூடாமல் சொல்கிறது. உங்கள் 'ஆக்கப்படாத' ஏதோ அலுவலகக் கோப்பு நகராமல் கிடப்பதுபோல் இருக்கிறது.

நூல் உங்களுடையது, போடுங்கள். என் சொற்பட்டியலில் உறுப்பாகா ஆள்புலம் என்றே இருக்கும், விட்டிசைத்து. தீவு பற்றிய மடல் செவ்வாய்க்கிழமை வரும்.

கோ.